பழைய விசைப்பலகைகளும் அவற்றைப் பேணுவோரும்

கணிப்பொறி வாங்குவோர் அதன் வேகத்தை விசாரிப்பர். நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பர். விசைப்பலகையைப் பற்றிக் கேட்பவர் அரியர். பெட்டியோடு வருவது வரட்டும் என்று விட்டுவிடுவதே நம்மிற் பெரும்பாலோர் வழக்கம். ஆயினும் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களிலும், இப்பொழுது நம் நாட்டிலும், ஒரு சிறு கூட்டத்தார் இவ்வழக்கத்துக்கு முற்றும் மாறாக நடக்கின்றனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், அடித்தால் அடுத்த அறைக்கும் கேட்கும் விசைப்பலகைகளைத் தேடிப் பிடிக்கின்றனர். பிரித்துத் துடைத்துப் பழுது நீக்கி, தம் அன்றாட வேலைக்கு அவற்றையே வைத்துக்கொள்கின்றனர். அவர்கள் வீட்டில் கணிப்பொறி நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது, விசைப்பலகை மாறுவதில்லை.

இது வெறும் பழம்பொருள் மோகம் என்பாரும் உளர். வரலாற்றைச் சற்று நுணுகிப் பார்த்தால் வேறொன்று புலனாகிறது. ஒரு தொழிற்சாலை தான் செய்த நல்ல பொருளைத் தானே கைவிடும்போது, அப்பொருளைச் செய்யும் அறிவும் செப்பனிடும் அறிவும் எங்கே போய்த் தங்குகின்றன? அதற்கு இந்த அன்பர்களின் கதை ஒருவகையில் விடை கூறுகிறது.

விசைப்பலகையின் முன்னோர் தட்டெழுத்துப் பொறி. மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டபர் லேதம் ஷோல்ஸும் அவர் தோழர் இருவரும் 1868-இல் உரிமம் பெற்ற பொறியை, துப்பாக்கி செய்து வந்த ரெமிங்டன் கம்பெனியார் 1874-இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். இக்கதை பலரும் அறிந்தது, விரிக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது ஒன்றே. அந்தப் பொறியில் விரலின் வலிமைதான் எழுத்தைத் தாளில் அறைந்தது. அறைந்த கணத்தை விரலும் அறியும், காதும் அறியும். சரியாக விழாத எழுத்தைக் கண் பார்க்குமுன்பே கை உணர்ந்துவிடும். ஐ.பி.எம். கம்பெனி 1933-இல் மின்சாரத் தட்டெழுத்துத் தொழிலை விலைக்கு வாங்கிற்று. 1961-இல் கோல்ப் பந்தை ஒத்த உருண்டையில் எழுத்துக்களைப் பொறித்த 'செலக்ட்ரிக்' என்னும் பொறியை வெளியிட்டது. இங்கே எழுத்தை அறைவது மோட்டார். விரல் ஆணையிட்டால் போதும். ஆயினும் உள்ளே உண்மையாகவே ஒரு யந்திரம் அசைந்ததால், அந்த அசைவு விரலுக்குத் திரும்பி வந்தது.

கணிப்பொறியில் இந்த நிலை மாறிற்று. அங்கே அசைவதற்கு ஒன்றுமில்லை. மின்சுற்று ஒன்று மூடித் திறப்பதோடு காரியம் முடிந்தது. அப்படியாயின் எழுத்துப் பதிந்தது என்று விரல் எப்படி அறியும்? தட்டெழுத்தில் பல ஆண்டு பழகிய கைகளையே கணிப்பொறி முனையங்களுக்கும் அமர்த்தவேண்டியிருந்ததால், பொறியாளர் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலவில்லை. அமெரிக்க ஹனிவெல் கம்பெனியின் மைக்ரோ சுவிட்ச் பிரிவு 1968-இல், காந்தத்தின் அசைவைக் குறைக்கடத்தி உணரும் விசைப்பலகையை வெளியிட்டது. தேய்வென்பதே இல்லை, ஆனால் பதிந்த கணத்தை விரலுக்குச் சொல்லும் அடையாளமும் இல்லை. ஐ.பி.எம். 1970களில் தன் முனையங்களுக்குத் தகட்டுவில் அமைத்த விசைகளைச் செய்தது; ஒவ்வோர் அடியிலும் தகடு தெறித்து விரலுக்குச் செய்தி சொல்லும். அந்தச் சத்தமும் போதாதென்று, சில பலகைகளுக்குள் மின்காந்தத்தால் இயங்கும் சுத்தி ஒன்றை வைத்து, எழுத்துக்கு எழுத்துப் பெட்டியையே தட்ட வைத்தனர். வேடிக்கையாகத் தோன்றலாம். தட்டெழுத்தாளருக்குப் பழகிய ஓசையைப் பொய்யாகவேனும் கொடுக்க முயன்றனர் என்பதே இதன் பொருள்.

தகட்டுவில் விசைக்குச் செலவு மிகுதி, உறுப்புக்களும் பல. இதற்கு மாற்றுக் கண்டவர் ஐ.பி.எம். பொறியாளர் ரிச்சர்டு ஹண்டர் ஹாரிஸ். 1978-இல் அவர் பெயரில் பதிவான உரிமத்தின் கருத்து மிக எளியது. ஒரு மெல்லிய சுருள்வில்லை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்துங்கள். சற்றுத் தூரம் அது நேராகச் சுருங்கும். பிறகு, ஒரு குறிப்பிட்ட எல்லையில், தாங்கமாட்டாமல் திடீரென்று பக்கவாட்டில் வளைந்து முறியும். வில் தன் குழலின் சுவரில் மோதும்போது 'க்ளிக்' என்ற ஓசை பிறக்கிறது. வளையும் அதே கணத்தில் வில்லின் அடி, கீழே உள்ள சிறு சுத்தியைச் சாய்க்கிறது; எழுத்துப் பதிகிறது. விரலுக்குத் தெரியும் நெகிழ்வு, காதுக்குக் கேட்கும் ஓசை, கணிப்பொறி பெறும் எழுத்து ஆகிய மூன்றும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து எழுகின்றன. பின்னாளில் வந்த பல விசைகளில் ஓசைக்கு ஓர் உறுப்பு, எழுத்துக்கு வேறோர் உறுப்பு என்று பிரித்து வைத்தனர்; அங்கே ஓசை வேறு, எழுத்து வேறு. ஹாரிஸின் விசையில் இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான், பழகியவர் அதை விட்டு நகர மறுக்கின்றனர் என்பது நம் கருத்து.

இவ்விசை 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியோடும் வெளிவந்தது. அந்த 83 விசைப் பலகையை அன்பர்கள் 'மாடல் எப்' வகை என்பர். அதன் சுத்தி எதையும் தொட்டு மின்சாரம் பாய்ச்சுவதில்லை. மின்சுற்றுப் பலகையின் மீது சாய்ந்து, அங்குள்ள மின்தேக்குத் திறனை மாற்றுகிறது. ஆகவே தேய்மானம் மிகக் குறைவு. எத்தனை விசைகளை ஒருங்கே அழுத்தினும் அத்தனையும் தனித்தனியே பதியும். குறையும் உண்டு. இடக்கைப் பக்கத்து ஷிப்ட் விசைக்கும் இசட் எழுத்துக்கும் நடுவே வேறொரு விசையைச் செருகிவிட்டனர். என்ட்டர் விசையோ சிறுத்துப் போயிற்று. தட்டெழுத்துப் பயின்றோர் இவற்றைக் குறைகூறினர். 1984-இல் வந்த அடுத்த கணிப்பொறியில் இக்குறைகள் நீங்கின.

இந்த வகையின் உட்புற அமைப்பு நம் கதைக்கு முக்கியமானது. இரண்டு இரும்புத் தகடுகள்; நடுவே விசைக்குழல்கள், ஒரு ஃபோம் தாள், மின்சுற்றுப் பலகை. தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் நாக்குகளால் பிணைந்துள்ளன. ஒரு தகட்டைத் தட்டி நகர்த்தினால் முழுவதும் கழன்று வரும். வேலை முடிந்தபின் மீண்டும் தட்டிச் சேர்த்துவிடலாம். செய்தவர் இதைத் திறக்கத்தக்கதாகவே செய்தனர்.

1985-86இல் 101 விசைகளோடு வந்தது 'மாடல் எம்'. இன்று நம் மேசைகளில் இருக்கும் பலகைகளின் எழுத்தமைப்பும், மேலே வரிசையாகப் பன்னிரண்டு செயல் விசைகளும், வலப்புறம் எண் கட்டமும் பெரும்பாலும் இதன் வழிவந்தவையே. வளையும் சுருள்வில் அப்படியே இருந்தது. ஆனால் அதன் அடியில் மின்சுற்றுப் பலகைக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் படலங்கள் வந்தன. நாக்குகள் போயின, பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி, தகட்டோடு ஒட்டிவிட்டனர். செலவு குறைந்தது. ஒருமுறை மூடியதை உடைக்காமல் திறக்கவும் முடியாமற் போயிற்று. இன்று எல்லோரும் போற்றும் மாடல் எம் பலகையே சிக்கன நோக்கில் பிறந்த குழந்தை என்பதை அதன் அபிமானிகளும் மறைப்பதில்லை. ஆனாலும் என்ன சிக்கனம்! வளைந்த எஃகுத் தகடு, கழற்றி மாட்டும் மூடிகள், சாயத்தைச் சூட்டினால் பிளாஸ்டிக்குள்ளேயே ஊறச்செய்து பொறித்த எழுத்துக்கள். ஆண்டுக்கணக்கில் அடித்தும் அந்த எழுத்துக்கள் அழிவதில்லை.

பின்னர் கணிப்பொறியின் விலை ஆண்டுதோறும் சரிந்தது. மொத்த விலை பெரிதாக இருந்தபோது விசைப்பலகைக்கு ஆகும் செலவு கண்ணில் படவில்லை. விலை சரியச் சரிய, கணக்கர் கண்ணுக்கு முதலில் பட்டது அதுவே. 1990களில் ரப்பர்க் குமிழ்கள் விரித்த ஒரே தாளை வைத்துப் பலகை செய்யும் முறை எங்கும் பரவிற்று. சுருள்வில் இல்லை, எஃகுத் தகடு இல்லை, ஓசையும் இல்லை. அலுவலகங்கள் அமைதியாயின; அதை நன்மை என்போரைக் குறைகூற முடியாது. 1991-இல் ஐ.பி.எம். தன் தட்டெழுத்து, அச்சுப்பொறித் தொழில்களைப் பிரித்து லெக்ஸ்மார்க் என்ற தனிக் கம்பெனியாக விட்டது. அக்கம்பெனி 1996-இல் விசைப்பலகையைக் கைவிட்டது. கெண்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகரில் அதே தொழிலில் இருந்தோர் சிலர் யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் அமைத்து, அச்சுக்களையும் கருவிகளையும் வாங்கிக்கொண்டு உற்பத்தியைத் தொடர்ந்தனர். தேய்ந்த பழைய அச்சுக்களுக்குப் பதிலாகப் புதியன செய்து, 2020-இல் புதுப்பித்த பலகையையும் வெளியிட்டனர்.

ஐ.பி.எம். ஒன்றையே பேசினால் மற்றவர்க்கு அநீதி செய்தவராவோம். ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனி விசைகளோடு 1987-இல் ஆப்பிள் வெளியிட்ட விரிந்த பலகைக்கு இன்றும் தனி அபிமானிகள் உண்டு. 1953-இல் அமெரிக்காவில் வால்ட்டர் செர்ரி தொடங்கி, ஜெர்மனியில் வேரூன்றிய செர்ரி நிறுவனத்தின் சிலுவைத் தண்டு விசைகள் 1980களின் நடுவில் வந்தன. நிறத்தைச் சொன்னாலே தன்மை விளங்கும்படி கறுப்பு, நீலம், பழுப்பு என்று அவற்றை அழைக்கின்றனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் லிஸ்ப் பொறிகளுக்காக அமைந்த 'விண்வெளிப் பயிற்சியாளர்' பலகையில் கன்ட்ரோல், மெட்டா, சூப்பர், ஹைப்பர் என்று துணைவிசைகளே ஒரு கூட்டம். எதிர்த்திசையில் சென்றவர் டோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எயீதி வாடா. அவர் கருத்தைத் தழுவி 1996-இல் வந்த பலகையில் அறுபதே விசைகள். அமெரிக்க மாட்டிடையன் குதிரை இறந்தால் விட்டுப்போவான், சேணத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நடப்பான் என்றும், கணிப்பொறி குதிரை, விசைப்பலகை சேணம் என்றும் அவர் உவமை கூறினார்.

இனி அன்பர்களின் வேலையைப் பார்ப்போம். மாடல் எப் பலகையைத் திறந்தால், நாற்பதாண்டு மூப்பில் அந்த ஃபோம் தாள் கருகிய அப்பளம்போல் பொடிந்து உதிரும். அதைச் சுரண்டி எடுத்து, துருவை நீக்கித் தகட்டுக்கு வண்ணம் பூசி, அளந்து வெட்டிய புதுத் தாளை இடுகின்றனர். மாடல் எம் பலகையிலோ பிளாஸ்டிக் குமிழ்கள் ஒவ்வொன்றாகத் தெறித்திருக்கும். குலுக்கினால் உள்ளே மணல்போல் சலசலக்கும். குமிழ்களை எல்லாம் உளியால் சீவி, அந்த இடங்களில் சிறு துளையிட்டு, போல்ட்டும் நட்டும் பூட்டுவர். பத்துக் கணக்கான துளைகள். ஒரு துளை தவறினால் குழல் பிளக்கும். பொறுமைக்கு இதைவிடப் பரீட்சை வேண்டுமா? ஆனால் இது முடிந்தால், ஆலையார் மூடிய பலகை அன்றுமுதல் திறக்கத்தக்கதாகிவிடும். ஆலை செய்யாத சீர்திருத்தத்தை வீட்டு மேசையில் செய்துவிடுகின்றனர்.

அடுத்தது மொழிபெயர்ப்பு வேலை. 1981-இன் பலகைக்கு ஐந்து முள் வட்டச் செருகி. 1987 முதல் அதைவிடச் சிறிய செருகி. இன்றைய கணிப்பொறிக்கு யூ.எஸ்.பி. செருகியை மாற்றினால் மட்டும் போதாது. பலகை பேசும் குறியீடும் வேறு. இதற்காகக் கட்டைவிரல் அளவுள்ள சிறு மின்சுற்றுக்களில் நிரலெழுதி, பழைய பேச்சைப் புதிய பேச்சாக்குகின்றனர். மாடல் எப் வகையில் மின்தேக்குத் திறனை நேரே அளக்கும் சுற்றையும் ஓர் அன்பர் வகுத்து, வரைபடத்தைப் பொதுவில் வழங்கிவிட்டார். அதன் பிறகு, எந்தக் கணிப்பொறிக்கும் பொருந்தாமல் கிடந்த முனையப் பலகைகள் உயிர்பெற்றன. நிரல் தம் கையில் வந்ததும், விசைகளின் பணியையும் விருப்பம்போல் மாற்றத் தொடங்கினர். கேப்ஸ் லாக் இருந்த இடத்தில் கன்ட்ரோல். சுண்டுவிரல் வலிப்பவர்க்குக் கட்டைவிரலில் ஷிப்ட். பலகைக்கு ஏற்பக் கை வளைந்த காலம் போய், கைக்கு ஏற்பப் பலகை வளைகிறது.

இன்னும் சிலர் ஒரு படி மேலே போயினர். வங்கிகளின் 4704 முனையங்களுக்காக ஐ.பி.எம். 1980களில் துத்தநாக வார்ப்பில் செய்த 62 விசைச் சிறு பலகை கிடைத்தற்கரியது. அமெரிக்க அன்பர் ஒருவர் 2010களில், பழைய பலகைகளை அளந்து அச்சு வார்த்து, அதே வகையைப் புதிதாகவே செய்வித்து விற்கலானார். கம்பெனி கைவிட்ட பல ஆண்டுகளுக்குப் பின், பயனாளர் ஒருவர் மாடல் எப் பலகையை மறுபடி உற்பத்திக்குக் கொணர்ந்தது தொழில் வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

இவ்வளவும் புகழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு வழக்கு இவர்கள்மேல் உண்டு. அது நியாயமான வழக்கு. பழைய முனையமும் அதன் விசைப்பலகையும் ஒரு ஜோடி. பலகைக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும், விற்போர் அதைப் பிரித்தெடுத்து விற்று, திரையையும் பெட்டியையும் குப்பையில் போடலாயினர். பழைய கணிப்பொறிகளை முழுமையாக இயக்கிக் காட்ட விழைவோர்க்கு, விசைப்பலகை இல்லாத பெட்டிகள் மட்டும் எஞ்சின. ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்றை அநாதையாக்குவது எவ்வகைப் பாதுகாப்பு என்று அவர்கள் கேட்கின்றனர். மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் கொண்டு வெளுக்கும் முறை 2008-இல் பரவியபோதும் இத்தகைய சர்ச்சை எழுந்தது. வெளுத்த நிறம் நிலைப்பதில்லை, மஞ்சள் மீளவும் ஏறுகிறது என்று சிலர் கண்டனர். நிறம் எப்படிப் போனாலும் போகட்டும். முழுமையாக இயங்கும் முனையத்தைப் பிரிப்பது தகாது என்பதில் நாம் வழக்குத் தொடுத்தவர் பக்கமே நிற்கிறோம்.

இந்தியாவுக்கு வருவோம். ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவை விட்டு நீங்கி, 1992-இல் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பியது. சுருள்வில் பலகைகள் உலகெங்கும் பரவிய ஆண்டுகள் பெரும்பாலும் இவ்விடைவெளியில் அடங்கிவிடுகின்றன. ஆகவே மேலைநாட்டு அன்பருக்குத் தெருவோரத்தில் கிடைத்த செல்வம் இங்கே அரிது. நமக்கென்று வாய்த்தது வேறு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் 'கோல்டு' பலகை, செர்ரி நிறுவனத்து நீல விசைகளோடு நெடுங்காலம் விற்பனையாயிற்று. வங்கிக் கவுன்ட்டரிலும் கடைகளின் ரசீது மேசையிலும் டிக்கெட் கொடுக்கும் இடங்களிலும் அந்தச் சடசடப்பைக் கேளாத நேயர் அரியர். அதை வாங்கியோர் பொழுதுபோக்குக்காக வாங்கவில்லை. நாளெல்லாம் அடித்தாலும் தாங்கும் என்று வாங்கினர். இந்திய அன்பர் பலருக்கு முதற் பலகை அதுவே. விசையைப் பற்றவைப்பு நீக்கிக் கழற்றி, வில்லை மாற்றி, தண்டுக்கு மசகிட்டு, மூடிகளை மாற்றிப் பழகுவதும் அதில்தான்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இச்செய்தி வேறொரு வகையிலும் உறவுடையது. பம்பாயின் மாதுங்காவுக்கும் டில்லியின் கரோல்பாக்குக்கும் முன்னாளில் வந்த தமிழ் இளைஞர் பலர், பெட்டியில் கொணர்ந்த முதல் தகுதி தட்டெழுத்துச் சான்றிதழும் சுருக்கெழுத்துச் சான்றிதழும். ஊர்ப் பயிலகத்தில், விசைகளைப் பார்க்காமல் அடிக்கப் பழகிய கை அவர்களுக்குச் சோறிட்டது. அந்தக் கையின் பழக்கம் எத்துணை உறுதியானது என்பதற்குத் தமிழ் விசையமைப்பே சான்று. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையே கையின் வரிசை: 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' அமைப்பிலோ மெய்யும் உயிரும் ஒலியின் வரிசையில் வரும்: ககரம், பிறகு ஒகரம். இரண்டாவது கற்க எளிது, விசைகளும் குறைவு. ஆயினும் பொறியில் பயின்றவர் பலர் கணிப்பொறியிலும் பழைய அமைப்பையே கேட்டு வாங்கினர். கணிப்பொறிகளும் இரண்டுக்கும் இடம் கொடுத்தன. பழமைப் பிடிவாதம் என்று இதை ஒதுக்குவது எளிது. இருபது ஆண்டு பழகிய விரலைப் புதிதாகப் பழக்குவது, பேச்சு வழக்கையே மாற்றிக்கொள்வது போன்றது. லெக்சிங்டன் பலகையை விடமாட்டேன் என்னும் அமெரிக்க நிரலாளரும், தட்டெழுத்து வரிசையை விடமாட்டேன் என்னும் தமிழ் எழுத்தரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றனர்.

பழைய பலகை ஒன்று நேயர்க்கு அலுவலகச் சாமான் அறையிலோ, பம்பாய் லாமிங்டன் ரோடு, டில்லி நேரு பிளேஸ், பெங்களூர் எஸ்.பி. ரோடு போன்ற கடைத்தெருக்களிலோ அகப்படுமாயின், உடனே பொறியில் செருகிவிடலாகாது. முதலில் கவிழ்த்துப் பாருங்கள், ஐ.பி.எம். வகையாயின் அடியில் ஒட்டிய சீட்டில் செய்த தேதியும் உறுப்பு எண்ணும் இருக்கும். செருகி வட்டமாக இருந்தால், கணிப்பொறியை அணைத்துவிட்டுத்தான் இணைக்கவேண்டும். இயங்கும்போது இணைத்தால் பொறிக்குக் கேடு நேரலாம். மூடிகளைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். மூடிகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைக்கலாம். பலகையை மட்டும் நீரில் அமிழ்த்தவேண்டாம். குலுக்கும்போது சலசலப்புக் கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. தெறித்த குமிழ்களாகவே இருக்கும். அதற்குப் போல்ட்டும் நட்டும் உண்டு.